காஞ்சி: அரசு அகன்ற பின்னும் அகலாத வணிகம்

காஞ்சிபுரத்துத் தறிகளில் ஏறும் பட்டு நூலின் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. சேலையின் கரையில் மின்னும் ஜரிகையின் பெரும்பகுதி குஜராத்தின் சூரத் நகரிலிருந்து வருகிறது. கடலோ ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தனக்கென ஓர் அரச மரபை அந்நகர் இழந்து ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஒரு வணிக நகரம் நிலைப்பதற்குத் தேவை என்று பொதுவாகச் சொல்லப்படும் மூலப்பொருள், துறைமுகம், ஆட்சி அதிகாரம் ஆகிய மூன்றும் கைவசம் இல்லாத நிலையிலும், திருமணப் பட்டு என்றதும் தமிழ்நாட்டினர் மட்டுமன்றி ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்தோரும் அயல்நாடுகளில் வாழும் தமிழரும் காஞ்சிபுரத்தின் காந்தி சாலையையே நாடி வருகின்றனர் என்பது ஆராயத்தக்க செய்தியாகும்.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12.8 பாகையில், பாலாற்றுக்கு அருகே, அதன் துணையாறான வேகவதியின் கரையில் அமைந்த இவ்வெப்பமண்டல நகரம் சென்னைக்குத் தென்மேற்கே சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சைவக் கோயில்கள் மிகுந்த பெரிய காஞ்சி, வரதராசப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்த சின்னக் காஞ்சி, சமணக் கோயில்கள் உள்ள திருப்பருத்திக்குன்றம் எனும் ஜினகாஞ்சி ஆகிய பகுதிகள் அடங்கிய காஞ்சியைக் கோயில் நகரமாக மட்டுமே காண்பது வழக்கமாகிவிட்டது. அக்கோயில்களைக் கட்டுவித்த செல்வம் எவ்வழியாக வந்தது, அவற்றைச் சுற்றி எவ்வகையான பொருளாதாரம் உருவாயிற்று என்ற வினாக்களை எழுப்பினால், தென்னிந்தியாவின் மிகப் பழைய வணிகத் தலைநகரங்களுள் ஒன்றின் வரலாறு தெளிவாகும்.

சுங்கம் காத்த பெருவழி

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட சங்க நூலாகும். பரிசில் பெற்ற பாணன் ஒருவன் மற்றொரு பாணனுக்கு வழி கூறும் முறையில் அமைந்த அந்நூல், தொண்டை நாட்டின் பெருவழிகளில் மிளகுப் பொதிகளைச் சுமந்து சென்ற கழுதைச் சாத்துகளையும், சாத்து என்னும் வணிகக் கூட்டங்களுக்குக் காவலாக நின்ற வீரரையும், உல்கு எனப்பட்ட சுங்கவரி பெறப்பட்ட இடங்களையும் விவரிக்கிறது. நீர்ப்பெயற்று என்ற கடற்கரைப் பட்டினத்தில் மரக்கலங்கள் குதிரைகளையும் பிற பண்டங்களையும் கொண்டுவந்து இறக்கியதையும், இரவில் கலங்களுக்கு வழிகாட்ட உயர்ந்த மாடத்தில் விளக்கு எரிந்ததையும் அதே நூல் பதிவு செய்கிறது. உள்நாட்டில் அமைந்த தலைநகர், அதற்கு வாயிலாக விளங்கிய துறைமுகம், இரண்டையும் இணைத்த காவலுள்ள சாலை என்ற மூன்று உறுப்புகளும் அக்காலத்திலேயே ஒருங்கமைந்துவிட்டன.

கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பதஞ்சலி தம் மகாபாஷ்யத்தில் காஞ்சியைக் குறிப்பிடுகிறார். சீனத்து ஹான் வம்ச வரலாற்று நூல் கூறும் ஹுவாங்-சி என்ற நாடு காஞ்சியே என்பது அறிஞர் சிலரின் கருத்தாகும். அதில் உடன்பாடு இன்னும் எட்டப்படவில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் இறுதிப் பகுதி காஞ்சியில் நிகழ்வது, பௌத்த உலகில் இந்நகர் பெற்றிருந்த இடத்தைக் காட்டுகிறது. 4-ஆம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தனின் அலகாபாத் தூண் கல்வெட்டு, அவனிடம் தோற்ற தென்னாட்டு மன்னருள் ஒருவனாகக் காஞ்சியின் விஷ்ணுகோபனைச் சுட்டுவதால், வட இந்தியப் பேரரசு ஒன்று படையெடுத்து வரத்தக்க அளவுக்கு அதன் பெருமையும் வளமும் அப்போதே பரவியிருந்தன எனலாம்.

பல்லவர் அமைத்த அடித்தளம்

பல்லவர் காலத்துக் காஞ்சியின் வளத்துக்கு முதற்காரணம் நீர்ப்பாசனமே. வடகிழக்குப் பருவமழையின் சில வாரப் பெருக்கை ஆண்டு முழுமைக்கும் தேக்கி வைக்காமல் வறண்ட தொண்டை மண்டலத்தில் ஒரு பெருநகருக்கு உணவளிக்க இயலாது என்பதை உணர்ந்த பல்லவ மன்னர்கள் ஏரி வெட்டுவதை அரசுக் கடமையாகக் கொண்டனர். முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் பரமேசுவர தடாகம் என்ற ஏரி அமைக்கப்பட்டதையும், பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வழியாக அதற்கு நீர் கொண்டுவரப்பட்டதையும் கூறுகிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்து மகேந்திரவாடி ஏரி, உத்திரமேரூரின் வைரமேகத் தடாகம் ஆகியவையும் இதே கொள்கையின் விளைவுகளாகும். ஏரிநீர் நெல்லை விளைவித்தது. நெல்லின் உபரி வேளாண்மை செய்யாத வணிகரையும் கைவினைஞரையும் கல்விமான்களையும் நகரில் வாழவைத்தது.

அவ்வாறு வாழ்ந்த மக்களின் பன்முகத்தன்மைக்கு இருவகைச் சான்றுகள் உள்ளன. மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடமொழியில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற நகைச்சுவை நாடகம் காஞ்சித் தெருக்களையே களமாகக் கொண்டு, காபாலிகனும் பௌத்தத் துறவியும் பாசுபதனும் ஒருவரோடொருவர் வாதிடும் காட்சிகளை அமைக்கிறது. கி.பி. 640-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங், நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த விகாரைகளும் பத்தாயிரம் துறவியரும் எண்பது தேவர் கோயில்களும் காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட நாட்டில் இருந்ததாகவும், சமணர் பெருந்தொகையில் வாழ்ந்ததாகவும் எழுதுகிறார். வேதமும் சாத்திரங்களும் பயிற்றுவித்த கடிகை என்னும் உயர்கல்வி நிலையத்தில் பயில்வதற்காகக் கர்நாடகத்துக் கடம்ப மரபின் நிறுவனர் மயூரசர்மன் காஞ்சிக்கு வந்ததைத் தாளகுண்டா கல்வெட்டு தெரிவிக்கிறது. நாளந்தாவில் ஆசிரியராகத் திகழ்ந்த தர்மபாலரும் காஞ்சியைச் சேர்ந்தவரே. அரசும் வணிகமும் கல்வியும் ஒரே நகரில் கூடியதால், வெளியூரார் பொருள் தேடி மட்டுமன்றிப் புலமை தேடியும் அங்கு வந்தனர்.

கடல்வழித் தொடர்பு இக்காலத்தில் விரிவடைந்தது. மாமல்லபுரம் பல்லவரின் துறைமுகமாக விளங்க, இரண்டாம் நரசிம்மவர்மன் எனப்படும் இராசசிம்மன் கி.பி. 720-இல் சீனத்துத் தாங் பேரரசனிடம் தூதுக்குழுவை அனுப்பினான் என்பதைச் சீன ஆவணங்கள் பதிவு செய்துள்ளன. தாய்லாந்தின் தக்குவாபா என்ற இடத்தில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளம் வெட்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தார் உள்ளிட்டோரின் பாதுகாப்பில் விடப்பட்டதையும் கூறுகிறது. மணிக்கிராமம் என்பது தென்னிந்திய வணிகக் குழுக்களுள் ஒன்று. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மனின் சிறப்புப் பெயர். காஞ்சியில் ஆண்ட மன்னனின் பெயரால் கடலுக்கு அப்பால் ஒரு குளம் வழங்கப்பட்டதும், அதனைக் காக்கும் பொறுப்பு வணிகருக்கு இருந்ததும், அரசும் வணிகக் குழுவும் எத்துணை நெருக்கமாக இயங்கின என்பதைப் புலப்படுத்துகின்றன.

இந்நகரின் மதிப்பை அதன் பகைவரும் ஏற்றனர். முதலாம் நரசிம்மவர்மன் கி.பி. 642-இல் சாளுக்கியரின் வாதாபியை அழித்ததற்குப் பழிவாங்கும் வகையில் அடுத்த நூற்றாண்டில் காஞ்சியைக் கைப்பற்றிய இரண்டாம் விக்கிரமாதித்தன், இராசசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கவராமல் இறைவனுக்கே திருப்பியளித்ததாகக் கூறும் கன்னடக் கல்வெட்டை அக்கோயில் தூணில் பொறித்துச் சென்றான். அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் கட்டுவித்த விருபாட்சர் கோயிலில் காஞ்சிக் கட்டடக்கலையின் தாக்கம் தெளிவாகத் தெரிகிறது. இரண்டாம் நந்திவர்மன் கட்டிய வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவர்களில் பல்லவ வரலாறு சிற்பத் தொடராகவும் விளக்கக் குறிப்புகளோடும் செதுக்கப்பட்டுள்ளது; வாரிசு இன்றி அரசு நின்ற வேளையில் கடிகையாரும் மூலப்பிரகிருதிகள் எனப்பட்ட மக்கள் தலைவரும் சென்று பன்னிரண்டு வயதுச் சிறுவனான நந்திவர்மனை அழைத்துவந்து முடிசூட்டியது அங்குக் காட்டப்பட்டுள்ளது. மன்னனைத் தேர்ந்தெடுப்பதில் நகரத்து நிறுவனங்களுக்குப் பங்கு இருந்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை.

நெசவாளர் கையில் கோயில் கணக்கு

9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் ஆதித்த சோழன் பல்லவ அபராசிதனை வென்றபோது காஞ்சி முதல் தலைநகர் என்ற நிலையை இழந்தது. ஆயினும் சோழர் அதனைக் கைவிடவில்லை. சுந்தர சோழன் காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்ததால் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்று அழைக்கப்படும் அளவுக்கு அது அவர்களது இரண்டாம் தலைநகராகவே இருந்தது. அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் தெலுங்குச் சோடர், காகதீயர், சம்புவராயர், விசயநகரத்தார் என ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. அரசியலில் இத்தனை மாற்றங்கள் நேர்ந்தும் நகரின் பொருளாதாரம் குலையாமைக்குக் காரணம், அது அரண்மனையை விட்டுக் கோயிலையும் நகரத்தாரையும் நெசவாளர் சேரிகளையும் சார்ந்து நின்றதேயாகும்.

இதற்கு மிகச் சிறந்த ஆவணம், இன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடு. 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அது, அக்காலத்தில் கச்சிப்பேடு என வழங்கிய இந்நகரின் ஊரகம் கோயிலுக்கு உரிய வருவாய்களை முறைப்படுத்துகிறது. நகரில் நிறுத்தும் அளந்தும் விற்கப்படும் பண்டங்களின் மீது பெறப்படும் கோல்நிறைக் கூலியும் காலளவுக் கூலியும் அக்கோயிலுக்கு உரியனவாகக் கூறப்படுகின்றன. ஊர்களிடமும் குடியிருப்புகளிடமும் ஒப்படைக்கப்பட்ட பொன்னுக்கு ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய வட்டி வரையறுக்கப்படுகிறது. அவ்வட்டியிலிருந்து பூசை, திருவிழா, பணியாளர் ஊதியம் ஆகிய செலவுகள் பகிர்ந்து காட்டப்படுகின்றன. கோயிலின் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு அரசருக்கு ஆடை நெய்த பட்டசாலியர் வாழ்ந்த சேரிகளுக்கு அளிக்கப்பட்டதே இச்செப்பேட்டின் தலைசிறந்த செய்தியாகும். சந்தையின் அளவுக் கட்டணம் கோயில் வருவாயாகவும், கோயில் பொன் ஊர்களுக்குக் கடனாகவும், அதன் மேற்பார்வை நெசவாளரின் கடமையாகவும் பிணைக்கப்பட்ட இவ்வமைப்பில், துணி நெய்தவர் கூலியாளாக மட்டும் இருக்கவில்லை. நகரின் பொதுச் செல்வத்துக்குப் பொறுப்பாளராகவும் இருந்தார்.

விசயநகரக் காலத்திலும் இந்நிலை தொடர்ந்தது. கைக்கோளர் எனப்பட்ட நெசவுச் சமூகத்தார் தண்டு என்னும் பல்லக்கில் செல்லவும் சங்கு ஊதவும் காஞ்சிபுரத்தில் பெற்றிருந்த உரிமையை முன்மாதிரியாகக் காட்டி, வேறு பகுதிகளின் கைக்கோளருக்கும் அவ்வுரிமை வழங்கப்பட்டதை 15-ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலக் கல்வெட்டுச் சான்றுகள் தெரிவிக்கின்றன. கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்கு இராசகோபுரமும் வரதராசப் பெருமாள் கோயிலின் கல்யாண மண்டபமும் இப்பொருளாதாரம் செழித்திருந்த காலத்தின் கொடைகளாகும். விழாக்களும் யாத்திரிகர் வருகையும் துணிக்கு நிலையான சந்தையை அளித்தன. தெலுங்கு பேசும் தேவாங்கர், பத்மசாலியர் முதலிய நெசவுச் சமூகங்கள் குடியேறியதால் தொழில்நுட்பமும் பெருகியது.

பருத்தி தளர்ந்தது, பட்டு எழுந்தது

ஐரோப்பியக் கம்பெனிகள் சோழமண்டலக் கரையில் துணி வாங்கத் தொடங்கியபோது காஞ்சியைச் சூழ்ந்த ஊர்களின் பருத்தி நெசவு கடல்கடந்த சந்தையோடு இணைந்தது. 1780 செப்டம்பரில் காஞ்சிக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் படை கர்னல் பெய்லியின் ஆங்கிலேயக் கம்பெனிப் படையை முறியடித்த போர் உள்ளிட்ட மைசூர்ப் போர்கள் இப்பகுதியின் வேளாண்மையையும் நெசவையும் கடுமையாகப் பாதித்தன. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆலைத் துணியின் வரவால் பருத்திக் கைத்தறி மேலும் நலிந்தது. ஆலைகள் எளிதில் போலிசெய்ய முடியாத ஆடம்பரத் துணிக்குத் தறியைத் திருப்புவதே நெசவாளருக்கு எஞ்சிய வழியாக இருந்தது. அவ்வகையில் மைசூர் நாட்டுப் பட்டு நூலைக் கொண்டு நெய்யும் தொழில் முதன்மையடைந்து, 20-ஆம் நூற்றாண்டில் நகரின் அடையாளமாகவே மாறியது.

அந்நூற்றாண்டின் அரசியலிலும் தறியின் தாக்கம் இருந்தது. 1909-இல் காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பமொன்றில் பிறந்த சி.என்.அண்ணாதுரை 1967-இல் மாநில முதலமைச்சரானார். 1953-இல் கைத்தறித் துணி விற்காமல் தேங்கியபோது அவரும் அவரது கட்சியினரும் துணிகளைச் சுமந்து தெருக்களில் விற்றது, நெசவாளரின் துயரை மாநில அளவிலான கேள்வியாக்கியது.

கோர்வையும் பேட்னியும்

காஞ்சிப் பட்டின் தனித்தன்மை அதன் கட்டுமானத்தில் உள்ளது. குழித்தறியில் நெய்யப்படும் இச்சேலையின் பாவிலும் ஊடையிலும் முறுக்கேற்றிய பல இழைப் பட்டு நூல் இடப்படுவதால் துணி கனமும் உறுதியும் பெறுகிறது. பாவு என்பது தறியில் நீளவாட்டில் பூட்டப்படும் நூல். ஊடை என்பது நாடாவின் மூலம் குறுக்கே செல்லும் நூல். உடலுக்கு ஒரு நிறமும் இருபுறக் கரைகளுக்கு வேறொரு நிறமும் அமையும்போது மூன்று நாடாக்கள் தேவைப்படுகின்றன. உடலின் ஊடை கரைக்குள் செல்லாமல், கரையின் ஊடையோடு எல்லையில் கோத்துக்கொண்டு திரும்புகிறது, இதுவே கோர்வை. இம்முறையில் நெசவாளர் தனியாக வேலை செய்ய இயலாது. ஒரு பக்கக் கரையின் நாடாவைப் போட மற்றொருவர் அருகில் அமர வேண்டும்.

முந்தானையின் நிறம் உடலிலிருந்து வேறுபடும்போது இன்னொரு நுட்பம் கையாளப்படுகிறது. உடலின் பாவு முடியும் இடத்தில் முந்தானைக்குரிய புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக இணைத்து, இரண்டு பாவும் சேர்ந்திருக்கும் சிறு பகுதியை நெய்து கடந்த பிறகே முந்தானை தொடங்குகிறது. இதனைப் பேட்னி என்பர். கரைகளில் அமையும் மயில்கண், ருத்ராட்சம், தாழம்பூ ரேக்கு, வைர ஊசி முதலிய உருக்களை முற்காலத்தில் அடை என்ற நூல் முடிச்சு அமைப்பின் மூலம் உதவியாளர் பாவிழைகளைத் தூக்கி உருவாக்கினர். பின்னர் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் ஜக்கார்டு பெட்டி அவ்வேலையை ஏற்றது. தூய ஜரிகை என்பது பட்டு இழையின் மீது வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியதாகும். இவ்வளவு வேலைப்பாடும் சேர்ந்து ஒரு சேலையை முடிக்க இரண்டு வாரங்கள் முதல் ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம்.

கூலியே கேள்வி

இத்தொழிலின் பொருளியல் நீண்ட காலமாக முதலாளி முன்பணமும் மூலப்பொருளும் தர, நெசவாளர் தம் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்யும் முறையில் இயங்கியது. முன்பணம் தீராக் கடனாகி, குடும்பத்துச் சிறுவர் பள்ளியை விட்டுக் கோர்வைக்கு அமர்த்தப்பட்ட நிலை 20-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அதற்கு மாற்றாக எழுந்தவை கூட்டுறவுச் சங்கங்கள். காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா முதலிய பெயர்களில் இயங்கும் பட்டுச் சங்கங்கள் உறுப்பினருக்குப் பாவும் ஜரிகையும் வழங்கி, சேலையைப் பெற்று விற்று, கூலியோடு இலாபத்தில் பங்கும் அளிக்க முற்பட்டன. தரமான ஜரிகை கிடைக்க 1971-இல் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் காஞ்சிபுரத்தில் அரசால் தொடங்கப்பட்டது. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் குறிப்பிட்ட துணி வகைகளை விசைத்தறியில் நெய்வதைத் தடைசெய்தது. இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவ்வளவு பாதுகாப்பும் இருந்தும் தறிகள் குறைந்து வருகின்றன. வெளியூர்களில் நெய்யப்படும் போலிச் சேலைகள் குறைந்த விலையில் காஞ்சியின் பெயரிலேயே விற்கப்படுகின்றன. பொன், வெள்ளி விலையேற்றம் ஜரிகையின் விலையை உயர்த்துகிறது. மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறுவதும் தெருவில் பாவு நீட்ட முடியாமற்போவதும் வருமானத்தைத் தடுக்கின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக, திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் 1990-களின் பிற்பகுதியிலிருந்து பெருகிய வாகன, மின்னணுத் தொழிற்சாலைகள் மாதச் சம்பளம் தருகின்றன. காஞ்சியின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் தறியோசையைக் கேட்டு வளர்ந்த இளைஞர் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுவது அவர்தம் குறையன்று. ஒரு சேலைக்கு இருவர் பல வாரம் உழைத்தால் கிடைக்கும் கூலியை அவர் கணக்கிட்டுப் பார்த்ததன் விளைவேயாகும்.

ஆனால் நகருக்கு வருவோர் குறையவில்லை. 2019 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், வரதராசப் பெருமாள் கோயிலில் நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும், அத்தி மரத்தாலான அத்திவரதர் சிலையின் தரிசனத்துக்காக 48 நாட்களில் பெருந்திரளான மக்கள் காஞ்சிக்கு வந்தனர். கோயில் கூட்டத்தைச் சந்தையாக்கும் பழைய ஆற்றல் நகருக்கு இன்னும் உண்டு என்பதை அது காட்டிற்று. காஞ்சி நெருக்கடியில் இருப்பது வாங்குவோர் குறைந்ததால் அன்று; நெய்வோர் குறைவதால்தான். உத்தம சோழன் காலத்தில் கோயில் காரியத்தை மேற்பார்வையிட்ட சமூகத்தின் கைத்திறன் இன்று விலைச்சீட்டில் தனித்துக் காட்டப்படுவதில்லை. பட்டு, ஜரிகை, நெசவுக் கூலி ஆகிய மூன்றையும் தனித்தனியே அச்சிட்டு விற்கும் முறையைச் சங்கங்களும் கடைகளும் மேற்கொண்டால், கூலி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது வாங்குவோருக்கே தெரியவரும். கூலியை உயர்த்தக் கோருவதற்கும் அதுவே அடிப்படையாகும்.

அதுவரை வாங்குவோர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. சேலையின் பின்புறத்தைத் திருப்பி, உடலும் கரையும் சேரும் கோட்டைப் பார்க்க வேண்டும்: உடலின் ஊடை கரைக்குள் ஓடாமல் அங்கேயே கோத்துத் திரும்பியிருந்தால் அது கோர்வை, இருவர் அமர்ந்து நெய்தது. புவிசார் குறியீட்டு முத்திரையையும் கேட்டு, இயன்றவரை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலேயே வாங்குக.